குதிரை எங்கே வந்திருக்கு

ப்ராசஸரை விற்றவன் அதை
ஒரு மீன் டப்பாவில் போட்டு வந்திருந்தான்.
கழுவிய டப்பாதான். ஆனாலும் மணத்தது.
நரந்தூல் சந்தை வாசல், கழித்தல் முப்பத்தொன்று.
கையுறையோடே பணத்தை எண்ணினான்,
தப்பாக எண்ணி, மறுபடி எண்ணினான்.
"ஓடுமா?" என்றேன்.
"நேற்று வரை ஓடியது."
பெயர் தெமூலென். எண்ணை வாங்கிக்கொண்டேன்,
திட்டுவதற்கு ஆகும்.

நான் கல்யாணங்களை வெட்டி ஒட்டுகிறவள்.
உலான்பாத்தரில் மணமுடிக்கிற எல்லாருக்கும்
ட்ரோனுக்குக் கீழே மெதுவாக நடக்க வேண்டும்,
பின்னால் ஒரு குதிரை ஆற்றைக் கடக்க வேண்டும்.
அந்த ஒற்றைக் குதிரையை என் கணினி
ஏழு மணி நேரம் மென்றுகொண்டிருக்கும்.
இரவு இரண்டுக்கு அல்தன்கதஸ் கூப்பிடுவான்,
தெற்கே, எல்லையில்,
முன்னூறு நிலக்கரி லாரிகளுக்குப் பின்னால்
தன் லாரிக்குள் கால் மரத்து உட்கார்ந்தபடி.
முதல் கேள்வி எப்போதும் அதுதான்:
"குதிரை எங்கே வந்திருக்கு?"

கம்பளிச் சட்டையைக் கழற்றினேன்.
இருட்டில் பொறி பறந்தது.
இந்த ஊர்க் குளிரில் பூனையைத் தடவினாலும் சுடும்.
பருத்தி பனியனோடு,
சூடேற்றிக் குழாயில் பெயின்ட் உரிந்த இடத்தை
ஒரு கையால் தொட்டுத் தொட்டு
பெட்டியைத் திறந்தேன்.
நான்கு வருஷத் தூசி. அதில் ஒரு காதணி,
தொலைந்ததாக நான் அழுதது.

முதலில் சூடாக்கு, பிறகு இடம் வலமாகத் திருகு,
அப்புறம் தூக்கு என்று படித்திருந்தேன்.
கை படிக்கவில்லை.
ஹீட்சிங்கை இழுத்தேன்,
கிழங்கோடு மண் வருவதுபோல
பழைய ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்தது.
சாக்கெட்டின் கொக்கி பூட்டியது பூட்டியபடி.
ஆயிரத்து முந்நூற்று முப்பத்தொரு ஊசிக்கால்கள்,
ஓரத்தில் ஏழு படுத்துவிட்டன.

பழசுதானே. தேநீர்த் தட்டில் வைத்தேன்.

புதியது
முக்கோணத்துக்கு நேர் முக்கோணம் காட்டியதும்
தன் எடையிலேயே இறங்கி உட்கார்ந்தது.
பட்டாணி அளவு பசை. திருகாணி. ஒயர்.
விசிறி சுற்றியது.
திரை கறுப்பு.
பத்து நிமிடம் கறுப்பு.

தெமூலெனை எழுப்பித் திட்டினேன்.
கேட்டு முடித்துவிட்டுச் சொன்னான்:
"உங்க போர்டு பழசு, அக்கா.
அதுக்கு என் சிப்பைத் தெரியாது.
பழைய சிப்பைப் போட்டு பயாஸைப் புதுப்பிங்க,
அப்புறம் இதைப் போடுங்க.
பழசு பத்திரமா இருக்குல்ல?"

தேநீர்த் தட்டைப் பார்த்தேன்.

பசையைத் துடைக்க ஸ்பிரிட் இல்லை, ஓட்கா இருந்தது.
லெட் பென்சிலிலிருந்து லெட்டைத் தட்டி எடுத்து
அந்த வெறும் மூக்கை ஒவ்வொரு ஊசிக்கும்
தொப்பிபோல் மாட்டி, மயிரிழை மயிரிழையாய்.
பேன் பார்க்கிற பொறுமை.
ஐந்தாவது ஊசியில் மூச்சை
எங்கோ கழற்றி வைத்துவிட்டேன்.
ஏழாவது முழுக்க நிமிரவில்லை.
போதும் என்றது, சாக்கெட்டில் இறங்கும்போது.

எழுந்தது.
கோணல் காலோடு எழுந்து,
தனக்குப் பின் வருகிறதன் பெயரை
எழுதிக்கொள்ள இடம் கொடுத்தது.
மின்சாரத்தை நிறுத்தாதே, என்றது திரை,
என்னிடம் சொல்லி என்ன,
இந்த வாரம் மூன்று முறை போயிருக்கிறது.
சமையலறையில் குளிர்பெட்டி ஒருதரம் உதறியது.
ஆறு நிமிடம்.
பிறகு அதை நானே அணைத்தேன்.

புதியது இம்முறை பேர் சொல்லிக்கொண்டு வந்தது.
பன்னிரண்டே முக்காலுக்குக் குதிரையை விட்டேன்.
காதணியைக் கழுவினேன், போட்டுப் பார்த்தேன்,
அதன் ஜோடி எங்கே என்று தேடினேன்.
ஐம்பது நிமிடம்.
விசிறி தணிந்த பிறகுதான்
வீடு எவ்வளவு அமைதி என்று கேட்டது.

இரண்டுக்கு போன் அடித்தது.
அவன் பக்கம் காற்று, ஒரு இருமல்.
"குதிரை எங்கே வந்திருக்கு?"

திரையில் அது எப்போதோ கரையேறி
ஈரம் உதறி நின்றுகொண்டிருந்தது.

"இப்பதான் ஆத்துல இறங்கியிருக்கு," என்றேன்.
"நீ பேசு."