சுட்டது

எங்கள் வீட்டில் யாரும்
ரொட்டியைத் தவிர எதையும் சுட்டதில்லை.
துப்பாக்கி தொடாத சபை எங்களுடையது.
அதற்காகவே ருஷ்யாவை விட்டுக் கப்பலேறினார்கள்.
நான் பீரங்கிகளைப் படம் எடுக்கிறேன்.

சஸ்காட்செவானில் இது நாற்பத்தோராவது.
ஊர் என்று சொல்ல
ஒரு தானியக் கிடங்கு, ஒரு பெட்ரோல் பங்க்,
மூடிய பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒட்ட வெட்டிய புல்.
புல்லின் நடுவில்
ஜெர்மானியரின் களப் பீரங்கி,
சக்கரம் சிமெண்டில் புதைந்து
வாய் கோதுமையைப் பார்த்து.
போரில் கைப்பற்றியது என்கிறது பலகை.
சுட்டது என்றும் சொல்லலாம்,
எந்தப் பொருளில் வேண்டுமானாலும்.

நகராட்சி ஆள் தராஸ் வாசிலிஷின்
பெயிண்ட் டப்பாவோடு வந்தார்.
ஆண்டுக்கொரு பச்சை. முப்பது ஆண்டாக அவர் கை,
அதற்கு முன் அவருடைய மாமனார் கை.
"எண்ணா? அடியில் எங்காவது இருக்கும்.
வெங்காயம் மாதிரி உரிக்கணும்."
தன் சுரண்டுகத்தியைக் கொடுத்துவிட்டு
நிழலுக்குப் போய்விட்டார்.

பச்சைக்குக் கீழே சாம்பல்,
சாம்பலுக்குக் கீழே இன்னொரு பச்சை,
ஏதோ ஒரு வருஷம் மட்டும் நீலம்
(நீச்சல் குளத்தில் மிஞ்சியதாம்).
அதற்கும் கீழே எஃகு, குளிர்ச்சியாக.
நான்கு. ஒன்று. பிறகு
இடுப்பில் குறுக்குக்கோடு போட்ட ஏழு.
அப்பா பால் கணக்கில் இப்படித்தான் எழுதுவார்.

குழலுக்குள் கைவிளக்கை நுழைத்தேன்.
திருகிக்கொண்டு போகும் வரிகள்,
முடிவில் ஒரு டென்னிஸ் பந்து,
இரண்டு பியர் டின்,
ஒற்றைக் குழந்தைச் செருப்பு.
ஒன்றையும் எடுக்கவில்லை. படம் மட்டும்.

நண்பகல் வெளிச்சம் இரும்பைத் தட்டையாக்கிவிடும்.
ஆறரை வரை காத்திருந்தால்
குழல்மேல் ஒரு சிறுமி கால் போட்டு உட்கார்ந்து
சிப்ஸ் தின்கிறாள்.
என் படங்களில் ஆட்கள் இருப்பதில்லை.
"கொஞ்சம் இறங்குறியா?"
"இது குதிரை," என்றாள். "பேர் பிஸ்கட்."
பாக்கெட் காலியாகும்வரை பிஸ்கட் நகரவில்லை,
நானும்தான்.

அந்த நேரத்தைப் போக்கத்தான்
நினைவுக்கல்லைச் சுற்றி வந்தேன்.
முதல் போருக்குப் பத்தொன்பது பேர், கருங்கல்லில்.
இரண்டாவதற்கு ஏழு பேர்,
பிறகு திருகி மாட்டிய பித்தளைத் தகட்டில்.
ஆறாவது:
ரெம்பல், அ.

இந்தச் சமவெளியில் கல்லெறிந்தால்
ஏதாவதொரு ரெம்பல் தலையில் விழும்.
அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
அப்பாவோடு பிறந்தவர்கள் நால்வர்.
மூவரின் கல்லறைக்கு நான் பூ வைத்ததுண்டு.
ஆப்ரஹாம் மேற்கே
மரம் வெட்டப் போனான் என்பார்கள்.
அதற்கு மேல் யாரும் சொன்னதில்லை,
கேட்கும் வழக்கமும் எங்களுக்கில்லை.

மிச்சமிருப்பது மார்கரேத்தா அத்தை மட்டும்.
தொண்ணூற்றொன்று. காது மந்தம்.
பித்தளையின் முன் நின்றபடி
பெயரைப் போனில் கத்தினேன்,
புல்வெளி முழுக்கக் கேட்கும்படி.
தராஸ் தூரிகையை நிறுத்திவிட்டார்.

அந்தப் பக்கம் கடிகாரச் சத்தம்.
மூச்சு.
பிறகு எங்கள் பழைய பாஷையில்:
"அவனுக்கு ரொட்டி
கருகச் சுட்டாத்தான் பிடிக்கும்.
அடிப்பக்கத்தை அவனுக்குன்னு எடுத்து வைப்பேன்."
வைத்துவிட்டாள்.

தகட்டைப் படம் எடுத்தேன், பதினோரு முறை.
எந்தக் கோணத்தில் நின்றாலும்
பித்தளையில் நான் விழுகிறேன்,
கேமரா முகத்தை மறைக்க,
தோளுக்குப் பின்னால் பிஸ்கட்டின் வாய்.
முதலில் ஒதுங்கப் பார்த்தேன்.
பிறகு விட்டுவிட்டேன்.

"எண் கிடைத்ததா?" என்றார் தராஸ்.
நான் சுரண்டிய இடத்தை
அவர் இன்னும் பூசாமல் வைத்திருந்தார்.