பாசி மூட்டை

ராமநாதபுரம் பஸ் மேலிருந்து இறக்கிய மூட்டைக்கு
இருநூறு அவள் அண்ணனுக்கு, ஐம்பது கண்டக்டருக்கு.
"நெசமாத்தான் வேணுமா மாஸ்டர்?" என்று
ஓவர்லாக்கை நிறுத்தாமல்
மூன்று முறை கேட்டிருந்தாள் முனீஸ்வரி.

மொட்டை மாடியில் அவிழ்த்தேன்.
காய்ந்த கடலுக்கு எடையே இல்லை.
பழுப்பும் கறுப்புமாய்,
கட்டிங் டேபிளுக்கு அடியில் சேரும் ஓரத்துணி போல.
நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

கழுவாமல் செடிக்குப் போடக்கூடாது.
கழுவ எங்கே போக?
குழாய்த் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருக்கா,
அதுவும் ராத்திரி ரெண்டு மணிக்கு.
போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது,
பைப் மூக்கில் வெள்ளை பூத்திருக்கும்.
சாயம் குடித்த நொய்யலோர மண்ணுக்கு அடியில்
எங்களுக்கும் இருக்கிறது ஒரு கடல்,
மீனில்லாமல்.

ஐப்பசி வரட்டும் என்று தார்ப்பாய் போட்டேன்.
கீழ்வீட்டுத் துளசிமணியக்கா பாதிப் படியிலேயே
முந்தானையால் மூக்கைப் பொத்தினார்.
"ஏனுங் மாஸ்டர், பொரட்டாசியும் அதுவுமா
கருவாடா காயப்போட்டிருக்கறீங்க?"
பாசிங்க்கா, செடிக்கு.
"பாசீங்கறது கெணத்துல இருக்கறது. இது கருவாடு."
வாடகை வீட்டில் இருப்பவன் வாதாடுவதில்லை.

மழை ஒரு வியாழக்கிழமை, நைட் ஷிப்டில் வந்தது.
மூன்றரை மணிக்குத் திரும்பி நேரே மாடிக்குப் போனேன்.
தார்ப்பாயைக் காற்று உருவி எறிந்திருந்தது.
செல்போன் வெளிச்சத்தில்
மொத்தப் பாசியும் எழுந்து உட்கார்ந்திருந்தது
விரல் விரலாய், ஈறின் நிறத்தில்,
கணுக்கால் தண்ணீரில் அசைந்துகொண்டு.
ஊர் வந்துவிட்டது என்று நினைத்திருக்கும்.
செருப்பைக் கழற்றினேன்.
ஏனென்று தெரியவில்லை.

ஆனாலும் வெட்டினேன்.
நூறு லேயர் துணி வெட்டிய கைக்குப் பாசி எம்மாத்திரம்.
நீல டிரம்மில் தண்ணீர், கருப்பட்டி, மேலே மூடி.
தினம் ஒரு கிளறு, இருபத்தொரு நாள்.
அக்கா என்னோடு பேசாததும் அதே இருபத்தொரு நாள்.
வேஸ்ட் பனியனில் வடிகட்டி
ஒரு சொம்புக்குப் பத்துச் சொம்பு தண்ணீர் கலந்து
கத்திரிக்கு, மிளகாய்க்கு, ஒரே ஒரு அவரைக்கொடிக்கு.

முனீஸ்வரி பார்க்க வந்தாள்.
மூடியைத் திறந்தாள். மூடினாள்.
"விரல்ல துணியச் சுத்திக்கிட்டு முங்கணும் மாஸ்டர் இதுக்கு.
பாறை அப்பயும் கிழிச்சுரும்.
இந்த வாடையே வேணாம்னுதான் மிஷினுக்கு ஓடியாந்தேன்.
நீங்க காசு குடுத்து வீட்டுல வச்சிருக்கீங்க."
அப்படிச் சிரித்தாள், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு.
போகும்போது ஆறு மிளகாய் பறித்துக்கொண்டாள்,
கேட்காமல்.

தையில் கத்திரிக் கிளைக்குக் குச்சி நட வேண்டியதாயிற்று.
எட்டுக் காய் கீழ்வீட்டுக்குக் கொடுத்தேன்.
மறுநாள் படிக்கட்டில் ஒரு காலி பாட்டில்.
கதவுக்குள்ளிருந்தே குரல்:
"கருவேப்பலைக்கு அந்தக் கருவாட்டுத் தண்ணி துளி ஊத்தி வையுங்."

வடிகட்டிய பனியனில் ஒரு சிப்பி மிஞ்சியது,
சட்டைப் பித்தான் அளவு, துளை மட்டும் இல்லை.
பாக்கெட்டில் போட்டிருந்தேன்,
கம்பெனியில் எங்கேயோ விழுந்துவிட்டது.
அந்த வாரம் நாலாயிரம் காலர் பனியன்,
மடித்து, பெட்டியில் அடுக்கி,
நேற்று கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியது.
அதில் இருந்தால்
இந்நேரம் கோவில்பட்டி தாண்டியிருக்கும்.
இல்லாவிட்டால் மிஷினுக்கு அடியில், பஞ்சுத் தூசியோடு.
நாளைக்குக் கூட்டுகிறவளிடம் சொல்லிவைக்க வேண்டும்.