அறுபத்து நான்கு தாள்கள்

என் வீட்டில் ஒரு தோட்டா கிடையாது.
சமையலறைக் கத்திகூட மொட்டை,
தக்காளியை நசுக்கும், அறுக்காது.
ஆனால் மாடிப்படி ஓரமெல்லாம்
கவண், வேல், குறுக்குவில், வெடிமருந்து,
திரித் துப்பாக்கி, சக்கிமுக்கித் துப்பாக்கி என்று
முந்நூற்றுப் பதினாறு புத்தகங்கள்.
ஈரத்தில் முதுகு வீங்கியவை சில.

பொய்ப்பல் செய்வது என் தொழில்.
"பல் கட்டுகிறவனுக்குப்
பல்லை உடைப்பதைப் பற்றி என்ன படிப்பு?"
என்பாள் நோயெல்லா.
இதுவரை பதில் சொன்னதில்லை.

ஞாயிறு காலை, மியூஸ் ஆற்றங்கரைச் சந்தையில்,
கோழிக் கூண்டுகளுக்கும் பாலாடைக்கட்டிக் கடைக்கும் நடுவே
லெயோப்போல் பெட்டி விரிப்பான்.
லியேஜ் நகரில் துப்பாக்கிக் குழாய்களைச்
சோதித்த கூடத்தின் வரலாறு, எட்டு யூரோ.
சணலால் கட்டியிருந்தது. அவிழ்க்காமலே வாங்கினேன்.
கனம் குறைவு என்று கைக்குத் தெரிந்தது.
ஆசை, கை சொல்வதைக் கேட்குமா?

வீட்டில் அவிழ்த்தேன்.
எழுபத்தேழாம் பக்கம் தொடங்கி
அறுபத்து நான்கு தாள்களை
யாரோ சவரக்கத்தியால் குடைந்திருக்கிறார்கள்.
பிடி. விசை வளையம். கட்டைவிரல் நீளக் குழல்.
விளிம்பில் எண்ணெய்க் கறை, இன்னும் வாசம்.

யார் ஒளித்தது, யாருக்குப் பயந்து, யாரைச் சுட?
இவை நோயெல்லாவின் கேள்விகள்.
எனக்கு வந்த கோபம் வேறு:
நூற்று இருபத்தெட்டுப் பக்கம், படுபாவி!

பசிக்கு ஓரங்களைப் படித்தேன்.
"இரட்டை மருந்து கெட்டித்த குழாய்கள்"
பிறகு ஓட்டை.
"இறந்துபோன"
ஓட்டை.
"மாலை நான்கு மணிவரை"
ஓட்டை.
"அவருடைய மனைவி"
ஓட்டை.
"எனப் பதிவேடு கூறுகிறது."
மூன்று இரவு அந்த மனைவி என்னைத் தூங்கவிடவில்லை.

நான்காம் இரவு தொழில் புத்தி வந்தது.
இளஞ்சிவப்பு மெழுகை வெதுவெதுப்பாக்கிக்
குழியில் அழுத்தி, ஆறவிட்டு எடுத்தேன்.
உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.
படங்களைப் புரட்டி இனம் கண்டேன்:
சட்டைப்பைக்கென்றே செய்த இரட்டைக் குழல்,
எங்கள் ஊர்ச் சரக்கு.
இருபது வருடம் படித்தவன்
முதல்முறையாகப் பிடித்துப் பார்க்கிறேன்.
விரல் தானாக வளைந்தது.
மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கை கழுவினேன்.
மெழுகுதான். ஆனாலும்.

பல்கலைக்கழக நூலகத்தில் முழுப் பிரதி இருந்தது.
பென்சிலும் கோட்டுத்தாளுமாய் உட்கார்ந்தேன்.
"இரட்டை மருந்து கெட்டித்த குழாய்கள்
ஏழில் ஒன்றும் வெடிக்கவில்லை. முன்பே
இறந்துபோன எருதின் தோலில் தைத்த துருத்தி கிழிந்ததால்
மாலை நான்கு மணிவரை வேலையில்லை. மேலாளர் உறங்கினார்;
அவருடைய மனைவி எல்லோருக்கும் ரொட்டி தந்தார்
எனப் பதிவேடு கூறுகிறது."
இடம் மறந்து சிரித்துவிட்டேன்.
எதிர் மேசைப் பெண் நிமிர்ந்து முறைத்தாள்.

எல்லாமே அப்படியில்லை.
விசை வளையம் வெட்டிய இடத்தில்,
நூற்று அறுபத்து மூன்றில்,
உண்மையாகவே ஒரு குழாய் வெடித்திருந்தது.
லாம்பெர் ஹெனோ, வயது பதினைந்து.
அடுத்த வரி, கந்தகத்தின் விலை.
அடிக்குறிப்பிலும் தேடினேன்.
வெட்டாத பிரதியிலும் அவன் அவ்வளவுதான்.
பென்சில் முனை உடைந்தது.
சீவிக்கொண்டு கந்தகத்தின் விலையை எழுதினேன்.

குளிர்காலம் முழுக்க எழுதினேன்.
எழுதியதை வடிவம் பார்த்து வெட்டி
பக்க எண் பிசகாமல் குழிக்குள் அடுக்கினேன்.
என் தாள் தடிமன். அட்டை மூட மறுக்கிறது.
லெயோப்போலின் சணலையே
திரும்பக் கட்டவேண்டியதாயிற்று.
"இதை யார் படிப்பார்கள்?" என்றாள் நோயெல்லா,
முடிச்சின்மேல் விரல் வைத்துக்கொடுத்தபடி.

அந்த மெழுகா?
செய்த வாரமே உருக்கிவிட்டேன்.
மதாம் பிரோன்யாரின் கீழ்க் கடைவாய்ப்பல்
முதலில் அதில்தான் உருவானது.
நன்றாகப் பொருந்திவிட்டதாம்.
வால்நட்டே கடிக்கிறாளாம்.