உள்வரும் இணைப்பு: ஒன்று

கடியப்பட்டணம், மாடி அறை.
கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி
மின்விசிறிக்கு நேரே மல்லாத்தியிருக்கிறேன்.
உப்புக்காற்று போர்டைத் தின்னும் என்றார் திங்கள்நகர் கடைக்காரர்.
தின்னட்டும். இன்றைக்குச் சூடுதான் எதிரி.

தயாராய்க் கட்டி வைத்ததை இறக்கினால் ஐந்தே நிமிடம்.
எனக்கு அது ஆகாது.
வெட்டிக் கழுவிய மீனை வாங்குகிறவள் இல்லை நான்.
செதிளோடு வேண்டும்,
செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும்.
அதனால் மூலநிரல்.

முதல் கட்டளைக்கே கேட்டது: அந்த நூலகம் எங்கே?
கொடுத்தேன். பதிப்பு பழசு என்றது.
புதுசு கொடுத்தேன். அதற்கு இன்னொன்று வேண்டுமாம்.
ததேயுஸ் கத்தாருக்கு அலைந்ததும் இப்படித்தான்:
இந்தத் தாளுக்கு அந்தத் தாள்,
அந்தத் தாளுக்கு முத்திரை,
முத்திரைக்கு நாகர்கோவில்,
நாகர்கோவிலில் சாப்பாட்டு நேரம்.

அறுபத்தெட்டு சதவீதத்தில் கரண்டு போனது.

மெழுகுவர்த்தி கேட்டு மேலே வந்த மெர்லின்
இருட்டில் என்னைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள்.
‘எக்கா, ஒங்களுக்கு வேற சோலி இல்லியா?
இதுல என்ன கெடைக்கும்?’
ஒண்ணும் கெடைக்காது என்றேன்.
நம்பவில்லை. யார்தான் நம்புவார்கள்?

மறுபடி முதலிலிருந்து.
நான்கு ஆளை ஒரே நேரம் வேலைக்கு விட்டால்
நினைவகம் நிரம்பிச் சாகிறது.
ஒரே ஆளை விட்டேன். விடிய விடிய
ஒற்றை ஆள் வரி வரியாய் ஏறிக்கொண்டிருந்தான்.

ஐந்தரைக்குக் கடற்கரை. ஏலக்கணக்கு எழுதுவது என் பிழைப்பு.
சாளைக் கூடைக்கு ‘எழுநூறு’ என்று அல்போன்சா கத்தினால்
கத்தியது கத்தியதுதான்.
அறுநூறு என்று நான் எழுதிப் பார்க்கட்டும்,
நூறு வாய் திறக்கும், அதில் பாதி கெட்ட வார்த்தை.
கணக்கு என் நோட்டில் இல்லை,
மணலில் நிற்கும் காதுகளில் இருக்கிறது.
நோட்டு ஒரு நகல்.
மெர்லினுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.
அப்போது தோன்றவில்லை.

திரும்பி வந்தால்: எச்சரிக்கை நாற்பத்திரண்டு, பிழை இல்லை.
ஓடவிட்டேன்.
இணைந்தவர்கள்: 0.
குளித்தேன். 0.
சோறு வடித்தேன். 3.
மதியம் எட்டு.
எட்டுப் பேர், எந்த ஊரோ, என்ன சாப்பிட்டார்களோ,
முதல் பக்கத்திலிருந்து எடுத்து நீட்டினார்கள்.
ஒவ்வொன்றையும் கூட்டிப் பார்த்துத்தான் வாங்கியது என் பெட்டி.
ஒன்பது நாள்.

ஆனால் என்னிடம் யாரும் வரவில்லை.
கேபிள் வில்சன் தலையைச் சொறிந்தார்:
‘தெரு முழுக்க ஒரே அட்ரஸாக்கும்க்கா.
நூத்திநாப்பது வீட்டுக்கும் ஒரே வாசல்.’
தனி வாசலுக்கு மாதம் இருநூற்றைம்பது.
சீட்டுப் பணத்தில் கட்டினேன்,
ததேயுஸிடம் சொல்லவில்லை.

ஐப்பசி, ராத்திரி பதினொன்று.
உள்வரும் இணைப்பு: ஒன்று.
யாரோ புதியவர். என்னைப் போலவே
பூஜ்யத்திலிருந்து கேட்கிறார்.
கொடுத்தேன். நான் எங்கே கொடுத்தேன், பெட்டி கொடுத்தது,
நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன்.

முட்டம் பக்கம் மின்னியது.
இடி வருமுன் எண்ணினேன்: நாலு.
அடுத்தது மூன்று.
‘எக்கா, வயரப் புடுங்குங்க!’ கீழேயிருந்து மெர்லின்.
அவர் முப்பத்தொன்றாம் சதவீதத்தில் இருந்தார்.
நான் போனால் மற்றவர்களிடம் வாங்கிக்கொள்வார்,
ஒரு துண்டும் குறையாது.
அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள் இந்த வலையை,
வரி வரியாய் நானே படித்தேன்.
படித்தபோது பிடித்திருந்தது.

இரண்டு.
பிடுங்கினேன்.

காலையில் தரை ஈரம். போட்டேன்,
பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கியது.
படியில் மெர்லின், கையில் எனக்குத் தரவேண்டிய மெழுகுவர்த்தி.
‘ஒங்க ஆளு வந்தாராக்கா?’
தெரியவில்லை என்றேன்.
கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள்.
‘இப்பம் மூணு’ என்றாள்.