வாசகம் பதினான்கு

உட்துறைமுக வீதி, ஐஸ் கொம்பனிக்கு மேல்மாடி.
கதிரை ஒன்பது, வந்தவர்கள் பதினாலு பேர்.
போன சோளகத்தில் ஒருவர் வலையை ஒருவர் வெட்டிய வழக்கு
பொலிஸ் கொப்பியில் இன்னும் கிடக்க,
சுருக்குவலையும் கரைவலையும்
ஒரே தட்டில் ரோல்ஸ் எடுத்தன.
ரோல்ஸ், நிலாவெளி ஹோட்டல்காரர் குகப்பிரியனின் செலவு.

மூதூர் நஜிமுதீன் படகுச் சங்கத்துக்காக.
சீனக்குடா ரணவீர பேசியதை நான் தமிழாக்கினேன்.
கோபத்தை மட்டும் அவர்
மொழிபெயர்ப்புக்கு விடவில்லை.

சட்டமூலம் வந்து பதினொரு நாள்.
வாசகம் பதினான்கு: கரையிலிருந்து அறுபது மீற்றர்,
அமைச்சர் குறித்தால் விசேட வலயம்.
ஒரு மூச்சில் வாசிக்கலாம்.
வாடி, வள்ளம், வலை காயும் மணல்,
வெள்ளைக்காரருக்கு இறால் பொரிக்கும் கொட்டில்
எல்லாம் அந்த மூச்சுக்குள்.

எடுக்கச் சொல்லுவம் என்றார்கள். அதில் சண்டையில்லை.
சண்டை, எவருடைய பெயர் முதலில் என்பதில்.
பிறகு, சுருக்குவலை என்ற சொல்லே வேண்டாம் என்பதில்.
பிறகு சல்லிக் கரையின் கருவாட்டுப் பெண்கள்
கொப்பித்தாளில் எழுதி அனுப்பிய நாலு வரி.

"மணம்," என்றார் குகப்பிரியன்.
அவ்வளவுதான் சொன்னார்.
"அவைக்குப் பதிவும் இல்லையே," என்றார் நஜிமுதீன், மெதுவாக,
தேத்தண்ணியைப் பார்த்தபடி.
அடுத்தமுறை பார்ப்பம் என்பதை
நான் இரண்டு மொழியிலும் சொன்னேன்.
இரண்டிலும் அது நல்லாத்தான் கேட்டது.

ஐந்து முத்திரை, ஒரே மைப்பெட்டி.
'பதிவுசெய்யப்பட்ட சங்கங்களாகிய நாம்' என்று
தட்டச்சு செய்தது நான்தான்.
எழுவாய் கொஞ்சம் கம்பீரமாக இருக்கட்டுமே என்று.

கொழும்புக்கு மூன்று தரம் போனார்கள்.
எதிர்க்கட்சியில் ஒருவர், ஆளுங்கட்சியில் இருவர்,
யாரோ ஒருவரின் மச்சான்.
குழுநிலையில் வாசகம் திருந்தியது:
'பதிவுசெய்யப்பட்ட சங்கங்களின் பாவனையிலுள்ள
இடங்கள் நீங்கலாக.'
அந்தச் சொல்லை நான் உடனே அடையாளம் கண்டேன்,
சந்தையில் சொந்தக் குடையைக் காண்பதுபோல.

வெடி கொளுத்தினார்கள். ரணவீர என்னைக் கட்டிப்பிடித்தார்.
பஸ் நிலையத்தடியில் மான் ஒன்று
எங்கள் பழைய பிரதியை, கையெழுத்துப் பக்கம் முதலாக,
நிதானமாய்த் தின்றது.

திங்கள் காலை சவுந்தரமேரி வந்தாள்,
விரலிடுக்கில் உப்பு வெடிப்பு.
பதிய எவ்வளவு முடியும் என்று கேட்டாள்.
படிவத்தை எடுத்துக் கொடுத்தேன்.
ஒன்பதாம் கட்டம்:
அங்கத்துவச் சங்கங்கள் இரண்டின் சிபாரிசு.

"ஆரிட்டைக் கேக்கலாம், தம்பி?"

பேனையைத் தேடினேன்,
அது என் காதிலேயே இருந்தது.