நாலு முதல் ஏழு வரை

குத்தாயிஸி நகரத்தில்
ஊருக்கு முன்னால் விழிப்பது என் ரொட்டிக்கடை.
மண் அடுப்பின் வாய்க்குள் இடுப்பு வரை குனிந்து
சுவரில் மாவை அறைவேன்.
முப்பத்தொரு வருடம்.
புருவம் எத்தனை முறை பொசுங்கியதென்று
புருவத்துக்கே தெரியாது.

முதல் ரொட்டி ஐந்தரைக்கு.
அதன் கூரான மூக்கை ஒடித்துத் தின்பது நான்தான்.
சம்பளத்தில் சேராத சம்பளம்.

இப்போது
ஆறு மணிக்கு இரண்டு சிவப்பு கேப்சூல்.
அதற்கு முன் இரண்டு மணி நேரம்
பின் ஒரு மணி நேரம்
தண்ணீர் தவிர எதுவும் கூடாது.
மாலை ஆறுக்கும் இதே கணக்கு.
நிலோடினிப் என்று பெயர்.
என் வாயில் அது இன்னும் வேற்றூர்க்காரன்.

வயிற்றில் உணவிருந்தால்
மருந்து அளவுக்கு மீறி ரத்தத்தில் ஏறுமாம்,
இதயத்தின் தாளம் தப்புமாம்.
மார்பில் ஒயர் ஒட்டி
அந்தத் தாளத்தைக் காகிதத்தில் இறக்கி
ஸ்கேல் வைத்து அளந்தார் டாக்டர் மக்வாலா.
"ஒன்பதுக்கு மாற்றிக்கொள்ளலாமே, உஷாங்கி?"
ஒன்பதுக்கு நான் தூங்குகிறவன் என்றேன்.

முதல் வாரமே
மாவில் உப்புப் போட மறந்தேன்.
ருசி பார்க்க ஆளில்லை.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே:
அறுபது ரொட்டி திரும்பி வந்தது.
பள்ளிக்கூடக் காவலாளி மட்டும் வரவில்லை.
மறுநாள் கேட்டேன்.
"ரத்தக்கொதிப்பு எனக்கு. அதுவே தோது" என்றார்.

இப்போது ஜும்பெர் ருசி பார்க்கிறான்.
மெல்லும்போது
எனக்கு முதுகைக் காட்டிக்கொள்கிறான்.

ஒரு கல்யாண ராத்திரி மாலை வேளையை மறந்தேன்.
நினைவு வந்தபோது நள்ளிரவு.
காலையில் நாலாக விழுங்கினால்
கடன் தீருமென்று நினைத்து
எதற்கும் கேட்போமென்று போன் போட்டேன்.
இரவுப் பணி நர்சுக்குக் கொட்டாவி.
"இது கடனில்லை ஐயா. விட்டது விட்டதுதான்.
அடுத்ததை அதன் நேரத்தில் எடுங்கள்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை
என் ரத்தம் திபிலிசி போய்
எண்ணாகத் திரும்பும்.
பத்து.
ஒன்று.
புள்ளி மூன்று.
பிறகு, இறங்கிய படியிலேயே
மறுபடி ஏறியது.

"வேளை தப்பியதா?"
அந்த ஒரு தடவைதான்.
"கிரேப்ஃப்ரூட்? நெஞ்செரிச்சல் மாத்திரை?"
இல்லை.
"மூலிகை ஏதாவது?"
நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நாஸிப்ரோலா.
கீழ்வீட்டுக்காரி.
தேய்ந்த முழங்காலோடு மலைச்சரிவில் உட்கார்ந்து உட்கார்ந்து
பறித்த மஞ்சள் பூ, கிராசானா.
ஒவ்வோர் இரவும் ஒரு கோப்பை.
மனசை லேசாக்கும் என்றாள்.
லேசாக்கியது, பொய் சொல்ல மாட்டேன்.

"அந்தப் பூ ஈரலை உசுப்பிவிடும்" என்றார் டாக்டர்.
"ஈரல் அவசர அவசரமாக
மருந்தை வெளியே தள்ளிவிடும்.
நீங்கள் விழுங்கினீர்கள்.
அது உங்களிடம் தங்கவே இல்லை."

மினிபஸ்ஸில் நாலு மணி நேரம்
அவளிடம் சொல்லும் வார்த்தையைப் பிசைந்தேன்.
உருட்டினேன். மறுபடி பிசைந்தேன்.
படியில் கோப்பையோடு நின்றாள்.
பிசைந்தது ஒன்று, வாயில் வந்தது வேறு:
"உன் பூ என் மருந்தைத் தின்கிறது."

கோப்பைக்குள் பார்த்துக்கொண்டே நின்றாள்.
பிறகு கேட்டாள்,
"வெந்நீர் குடிக்கலாமா?"
குடிக்கலாம்.

அன்றிலிருந்து அதே கோப்பையில் வெந்நீர்.
வெறும் வெந்நீர்.
என் வீட்டிலும் அடுப்பிருக்கிறது.
ஆறிப்போவதற்குள் நாற்பத்திரண்டு படி
ஏறி வருகிறாள்.

நேற்றுத்தான் ரத்தம் கொடுத்தேன்.
எண் வெள்ளிக்கிழமை வரும்.

மணி ஆறு ஐம்பது.
வெளியே வரிசை நிற்கிறது.
ஜும்பெர்,
அந்த மூக்கை விற்றுவிடாதே.
இன்னும் பத்தே நிமிஷம்.