புள்ளிக்கு அறுபது பவுண்டு

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு
முதலில் வானத்தைப் பார்ப்பேன்,
பிறகு கணக்குப் புத்தகத்தை.
கிழக்கே சதுப்பு வயல்களுக்கு மேல் கறுத்துக் கிடந்தால்
டெரன்ஸ் டிராக்டரை வெளியே எடுக்கமாட்டான்.
டீசலும் காசுதானே.

பத்தாவது பந்தயம் முடியுமுன் மழை பிடித்துக்கொண்டால்
வாசலில் வாங்கியதெல்லாம் திருப்பித் தர வேண்டும்.
ஆம்புலன்ஸுக்குத் தந்தது திரும்பாது.
மே மாதத்தில் மூன்று வியாழன் அப்படிப் போயிற்று.
உருளைக்கிழங்கு போட்டவர்கள்
நனைந்துகொண்டே சிரித்தபடி வீட்டுக்குப் போனார்கள்.

பகலில் நான் பல் மருத்துவரிடம் பெயர் பதிகிறவள்.
இரவில் ஹேவர்ஃபென் ஹெரன்ஸின் பொருளாளர்.
பதினாறு வருடம், சம்பளமில்லை,
வாசலில் டிக்கெட்டும் கேட்கமாட்டார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன்:
நான்கு வண்டி, நான்கு சுற்று, ஒரு நிமிடம்,
பிரேக் கிடையாது.
கிடையாதா என்பார்கள்.
கிடையாது.
வளைவில் பின்சக்கரத்தை வெளியே எறிந்து
சறுக்கிக்கொண்டேதான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.
சங்கத்தையும் நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.

பின் டயர் ஓர் இரவு தாங்கும்.
காற்றுச் சுவரின் கிழிசலுக்கு
கூடாரம் தைக்கிறவரிடம் கடன்.
எட்டு விளக்கில் ஆறு எரிகிறது;
எரியாத இரண்டை
மிச்சம் என்ற தலைப்பில் எழுதியிருக்கிறேன்.
வட்டமும் வட்டியும்
புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்கின்றன,
வட்டி மட்டும்
வரும்போது கொஞ்சம் பெருத்து வருகிறது.

மூன்றாம் வளைவுக்குப் பின்னால் புது வீடுகள்.
ஜன்னலெல்லாம் சிவப்புத் தூசி என்று கடிதம் போட்டார்கள்.
பொய்யில்லை.
என் பல்லிடுக்கிலும் அதே தூசி.
நிலக்காரர் அந்தக் கடிதங்களை
பத்திரமாக ஒரு கோப்பில் சேர்த்துவைத்தார்,
கட்டுமான நிறுவனத்தின் கடிதத்துக்கு அடியில்.

இதை யாரிடமும் சொன்னதில்லை.
எங்கள் ஆள் எடுக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும்
நாங்கள்தான் பணம் தர வேண்டும்.
புள்ளிக்கு அறுபது.
ஜூலையில் ஒரு நாள்
லாசே தோருப் இரண்டாம் வளைவில்
உள்பக்கமாக நுழைந்து முன்னே வந்தான்.
அறுநூறு பேரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன்.
என் வாய், போ, போ என்றது.
உள்ளே ஒருத்தி
மூன்றாவதாக வந்தால் போதாதா என்றாள்.

அவள் யாரென்று எனக்குத் தெரியும்.
என் பேனாவில்தான் எழுதுகிறாள்.

அக்டோபர் கடைசி இரவு
மழையே இல்லை. வேண்டுமென்றே போல.
இத்தனை வருடம் எங்கிருந்தார்களோ,
இரண்டாயிரம் பேர்.
வாசல் பணத்தை
மின்சாரக் கம்பெனியின் ஆள் அங்கேயே வாங்கிக்கொண்டான்.
எங்களுக்கு வாளியில் விழுந்ததுதான்:
அறுநூற்றுப் பதினொரு பவுண்டு,
ஒரு சட்டைப் பொத்தான்,
ஒரு போலந்து நாணயம்.

லாசே நான்கு பந்தயம் வென்றான்,
ஒன்றில் மூன்றாவது.
பதின்மூன்று புள்ளி. எழுநூற்று எண்பது.
இந்த முறை உள்ளே இருந்தவள்
கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்தாள்.

கேரவனில் என் எதிரே நின்றான்,
மெத்தனால் வாசனையோடு.
காலைக் கப்பலுக்கு ஹார்விச் போக வேண்டும்.
பரவாயில்லை, வைத்துக்கொள்ளுங்கள் என்று
அவன் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?
அவன் விலா எலும்பில் இரண்டு
எங்கள் நான்காம் வளைவில் உடைந்தவை.
ஹெல்மெட்டைக் கவிழ்த்து நீட்டினான்.
எண்ணி எண்ணிப் போட்டேன்,
ஐம்பது பென்ஸ், இருபது பென்ஸ்,
குழந்தைகளின் கை பிசுபிசுக்கும் ஒரு பென்ஸ்.

மீதி நூற்று அறுபத்தொன்பதுக்கு
கடன் சீட்டு எழுதி
கீழே கையெழுத்துப் போட்டு,
கை பழக்கத்தில்
தருவதாகச் சொல்லும் இடத்தில்
அடுத்த வியாழன் என்று எழுதிவிட்டேன்.

அவன் படித்தான்.
மடித்து, பூட்ஸுக்குள் செருகிக்கொண்டான்.